கயிற்றுக்கு வெளியே

மாநாட்டின் மூன்றாம் நாள், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு அன்புச்செல்விக்குத் தலை விண்விண்ணென்று வலிக்க ஆரம்பித்தது.

தேனாம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தின் கலையரங்கம். நாட்டின் பல பக்கங்களிலிருந்து வந்த மெத்தடிஸ்ட் சபைப் பிரதிநிதிகள் முந்நூறு பேர் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் சுற்றி, இடுப்பு உயரத்தில் ஒரு வெள்ளைக் கயிறு. கயிற்றுக்கு உள்ளே இருப்பவர்கள்தான் பேசலாம், கை தூக்கலாம். வெளியே இருப்பவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும் பார்வையாளர்தான். கயிற்றின் வாசலில் அசோகன் நின்றார். தபால் துறையில் ஓய்வு பெற்றவர். முதல் நாள் பேராயரின் மனைவியையே அட்டை இல்லை என்று திருப்பி அனுப்பினார்.

மூன்று நாளாகவே பேச்சு. பேச்சைக் காதுக்கருவியில் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவரும் களைத்துவிட்டார். மத்தியானமானால் இரண்டு வாக்கியத்துக்கு ஒன்றுதான் வந்தது.

அன்புச்செல்விக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. முப்பத்தொன்றாம் தீர்மானம். சுற்றுவட்டாரத்தில் ஐம்பது குடும்பங்கள்கூட இல்லாத சபைகளைப் பக்கத்துப் பெரிய சபையோடு சேர்த்துவிட வேண்டும் என்றது அது. அவள் பிரதிநிதியாக வந்த சபை அடையாற்றங்கரையில் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு மணி, எட்டு பெஞ்சு. ஆறு வருடத்துக்கு முன் கரையோரக் குடிசைகளை அகற்றி, ஜனங்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பியது அரசு. அறுபத்து மூன்று குடும்பங்களில் ஒன்பது மிஞ்சின. அதில் ஒன்று, மந்தைவெளியில் சொந்த வீட்டில் இருக்கும் அன்புச்செல்வி. சபையின் சாவி அவளிடம். சனிக்கிழமைதோறும் அவள்தான் பெருக்குவாள். அவள் கல்யாணம் நடந்ததும், கணவரின் சவப்பெட்டியை வைத்ததும் அங்கேதான்.

அவள் ஒரு திருத்தம் கொடுத்திருந்தாள். அரசு இடம் மாற்றிய குடும்பங்களையும் பழைய சபையின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். ஒரே வாக்கியம். அதற்குப் பத்துப் போதகர்களிடம் கையெழுத்து வாங்க இரண்டு மாதம் அலைந்தாள். மறுநாள் காலை அது எடுத்துக்கொள்ளப்படும் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது.

"இன்னாக்கா, மூஞ்சி வெளுத்துப் போய்க் கீது?"

பார்வையாளர் பெஞ்சிலிருந்து ஆரோக்கியமேரி எழுந்து வந்தாள். அதே சபையின் மாற்றுப் பிரதிநிதி. பட்டினப்பாக்கத்தில் காலையில் மீன் விற்றுவிட்டு, கை கழுவி, புடவை மாற்றிக்கொண்டு மூன்று நாளாக வந்து உட்கார்ந்திருக்கிறாள். பிறந்தது சாந்தோம் கத்தோலிக்க வீட்டில். கல்யாணத்துக்குப் பிறகு மெத்தடிஸ்ட். இப்போது பெரும்பாக்கம், ஏழாவது மாடி.

"தலவலி. பிரஷர் மாத்திரை போட்டுட்டேன்."

"போய்ப் படு. நான் உக்காந்துக்கறேன். வெளிய ஃபேன்கூட சுத்தல. உள்ளயாவது சுத்துது."

"பேர மாத்திட்டா இந்த அமர்வு முடியற வரைக்கும் திரும்ப மாத்த முடியாது, எந்திரிச்சிடாத. தூங்கிடாத."

"கூட்டத்துல யாரு முழிச்சிக்கினு கீறாங்க?"

செயலாளரின் மேசையில் பெயரை மாற்றி எழுதினார்கள். அன்புச்செல்வி அட்டையைக் கழற்றி மேரியின் கழுத்தில் போட்டாள். அட்டையின் உறைக்குள் அவள் மடித்து வைத்திருந்த பேச்சுத் தாள் இருந்தது. அதை எடுக்க மறந்துவிட்டாள்.

பக்கத்து வகுப்பறையில் பெஞ்சை இழுத்துப் போட்டுப் படுத்தாள். ஒலிபெருக்கி அங்கேயும் கேட்டது. ஓய்வூதிய விதிகள். வழக்கறிஞரின் கருத்து வந்து சேரவில்லையாம், தள்ளிவைத்தார்கள். நேரம் மிச்சமாகிவிட்டது, நாளைய வேலையை இன்றே எடுப்போம் என்றார் தலைவர்.

"தீர்மானம் முப்பத்தொன்று."

அவள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். வாசலில் அசோகன் கையை நீட்டித் தடுத்தார்.

"ஐயா, அது என் திருத்தம்."

"தெரியும்மா. ஆனா அட்டை அவங்ககிட்ட இருக்கு."

"ரெண்டு நிமிஷம்."

"பேராயரம்மாவையே விடல நான்."

உள்ளே ஆரோக்கியமேரி எழுந்து நின்றிருந்தாள். கையில் அந்தத் தாள். ஒருவர் ஒலிவாங்கியைக் கொண்டுவந்து நீட்டினார். அன்புச்செல்வி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படி, அது போதும் என்று நினைத்தாள்.

மேரி தாளை முழுக்கப் பார்த்தாள். பிறகு பழையபடி மடித்தாள்.

"ஐயா, இது எங்க அன்பு அக்கா எழுதினது. நல்லா எழுதிக்கீறாங்க. ஆனா நான் பெரும்பாக்கத்துக்காரி. ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிக்குக் கெளம்புறோம். ரெண்டு பஸ்ஸு. எங்க மாமியாரு மூணு வருசமா கோயிலப் பாக்கல, அவங்களால பஸ்ல ஏற முடியல. எதுத்த வீட்டு நாகராஜண்ணன் செத்தப்ப, போதகர் வந்து சேர சாயங்காலம் ஆச்சு."

அரங்கில் காதுக்கருவிகளைச் சரிசெய்யும் சத்தம் கேட்டது.

"வாரத்துக்கு இருபது குடும்பம் வருது. அது எப்டின்னா, நாங்க மொற போட்டுக்கினு வர்றோம். இந்த வாரம் ரெண்டு பிளாக்கு, அடுத்த வாரம் வேற. யாருமே வரலன்னா அக்கா தனியா உக்காந்திருப்பாங்களேன்னு." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "எங்களப் பழைய எடத்துல எண்ணாதீங்க. எங்க பிளாக்குல கீழ ஒரு ரூம்பு காலியா கீது. அங்க ஒரு போதகர அனுப்புங்க. அவ்ளோதான்."

"அப்படியானால் திருத்தத்தைத் திரும்பப் பெறுகிறீர்களா?" என்று தலைவர் கேட்டார்.

மேரி திரும்பிப் பார்க்கவில்லை. "திரும்ப எடுத்துக்கறேன் ஐயா."

அன்புச்செல்வியின் கை தானாக உயர்ந்தது.

"எறக்குங்கம்மா," என்றார் அசோகன் மெல்ல. "இங்கேர்ந்து தூக்கினா எண்ண மாட்டாங்க."

தீர்மானம் நிறைவேறியது. பெரும்பாக்கத்து அறை பற்றி ஒரு குழு பார்க்கும் என்று குறித்துக்கொண்டார்கள். சின்னச் சபைகளை மூடிப் பெரியவற்றோடு சேர்க்க மூன்று மாத அவகாசம். அடுத்த தீர்மானத்தின் எண்ணைப் படித்தார்கள். அன்புச்செல்வி செருப்பைத் தேடிக்கொண்டு வகுப்பறைக்குப் போனாள்.

ஐந்து மணிக்குக் கூட்டம் கலைந்தது. பேருந்து நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். அண்ணா சாலை நகரவில்லை. மேரி அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். தாள் உள்ளேயே இருந்தது.

"திட்டணும்னா திட்டிடுக்கா."

"எத்தன நாளா மொற?"

"மூணு வருசமா."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"இன்னான்னு சொல்றது? நீ வாசல்ல நின்னு ஒவ்வொரு குடும்பமா எண்ணிக்கினு இருப்ப."

அது உண்மைதான். எண்ணியிருக்கிறாள். இருபத்திரண்டு என்று ஒரு ஞாயிறு, இருபது என்று ஒரு ஞாயிறு. குறையவில்லை, கர்த்தர் நடத்துகிறார் என்று போதகரிடம் சொல்லியிருக்கிறாள். முகங்கள் மாறியதை அவள் பார்க்கவில்லை.

"வீட்டுக்கு எத்தன மணிக்குப் போவ?"

"எட்டாயிடும். மழ வந்தா ஒம்போது." மேரி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "பொறந்தது ஒரு சபை, வாக்கப்பட்டது ஒரு சபை. என் பாதி ஆயுசு பஸ்ஸுலதான்க்கா போச்சு."

அன்புச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை. உட்கார இடம் கிடைத்தால் போதும் போல இருந்தது. நிறுத்தத்தின் பெஞ்சில் இரண்டு கல்லூரிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

பேருந்து வந்தது. படிவரை ஆட்கள். மேரி கம்பியைப் பிடித்து ஒரு காலை வைத்தாள்.

"சனிக்கெழம நான் வரட்டாக்கா, பெருக்க? மூணு மாசம் கீதே."

அன்புச்செல்வி பைக்குள் கைவிட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்தாள்.

"வராத மேரி," என்றாள். "ரெண்டு பஸ்ஸு."