ஓடை வளைவில் யாரும் பேசவில்லை

கம்பெனி வண்டி ஓடை வளைவில் நின்றபோது வெயில் தகரத்தைச் சுட்டுக்கொண்டிருந்தது. முன் இருக்கையிலிருந்து நெரிடா படிவ அட்டையும் பேனாவுமாக இறங்கினாள். பின்னால் அவளுடைய அக்கா மேவிஸும் அத்தை ஐவியும் தண்ணீர்ப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, இறங்காமலே உட்கார்ந்திருந்தார்கள். வண்டியை ஓட்டி வந்த இன்ஜினியர் கிரெய்க் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அன்றைக்குப் பார்க்க வேண்டிய இடங்கள் பதினொன்று. இது நான்காவது.

சுரங்கத்திலிருந்து ரயிலடிவரைக்கும் லாரிகளுக்கு ரோடு போடுகிறார்கள். மண்ணை வெட்டுமுன் அந்த மண்ணின் ஆதிக்குடிகளைக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கேட்கிற வேலைக்குக் கம்பெனி நெரிடாவைத்தான் வைத்திருந்தது. எட்டு வயதில் உதவித்தொகை வாங்கிக்கொண்டு நகரத்து விடுதிக்குப் போன பெண். பல்கலைக்கழகத்தில் தன் சொந்த ஜனங்களின் வரலாற்றையே படித்து, முதல் மாணவியாகத் தேறியவள். ஆறு மாதத்துக்கு முன்பு அவள் ஊருக்கே வேலையாக வந்தபோது, மேவிஸ் தெருவையே கூப்பிட்டுக் கங்காரு வால் சுட்டு விருந்து போட்டாள். "நம்ம புள்ளையே அந்த நாற்காலியில உக்காந்துட்டா. இனி எவன் நம்மள ஏமாத்துவான்?" என்று வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

"அக்கா, ரோடு இந்த மரங்க மேலதான் வருது. இங்க ஏதாச்சும் இருக்கா?"

மேவிஸ் பதில் சொல்லவில்லை. ஐவி அத்தை முகத்தை மறுபக்கத்து ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டாள்.

"அத்த, உனக்குத் தெரியுமா?"

"காத்து ஜாஸ்தியா இருக்கு. கண்ணாடிய ஏத்து."

"முன்னாடி மூணு எடத்துல வாய் ஓயாமப் பேசுனீங்க. இப்ப என்ன வந்துச்சு?"

"டீ எப்பக் குடிக்கிறது?" என்றாள் மேவிஸ்.

கிரெய்க் சிரித்தான். "அவங்களுக்குப் பசி வந்துருச்சு நெரிடா. ஒண்ணும் இல்லன்னா எழுதிக்க. அடுத்த எடம் தூரம்."

நெரிடா திரும்பிப் பார்த்தாள். ஓடைக்கரையில் நான்கு பழைய கூலிபா மரங்கள், அடியில் கொஞ்சம் நிழல். படிவத்தில் 'உண்டு', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. பேசாமல் இருந்ததற்குக் கட்டம் இல்லை. 'ஆட்சேபணை எதுவும் தெரிவிக்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பத்தொன்பது நாள் கழித்து ஒரு சாயங்காலம், பொரித்த மீன் பொட்டலத்தோடு அக்கா வீட்டுக்குப் போனாள். முற்றம் நிறையப் பெண்கள் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் ஆண்கூட இல்லை. ஐவி அத்தையின் நரைமுடி மண்டையோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. அந்த ஊரில் சாவுக்குத்தான் முடியை அப்படி வெட்டுவார்கள்.

"அக்கா, யாரு செத்தது?"

மேவிஸ்தான் சொன்னாள்.

"ஓடை வளைவுல மெஷின் போயிருச்சு. நாலு மரத்தையும் வேரோட பொரட்டிட்டாங்க."

"நான் கேட்டேனேக்கா! அங்கயே நின்னு ரெண்டு தடவ கேட்டேனே! இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"ஒரு ஆம்பளய முன்னால உக்கார வெச்சுக்கிட்டுக் கேட்ட. நம்ம பொம்பளைங்க புள்ள பெத்த எடம்டி அது. அந்தப் பேச்சு ஆம்பள காதுல விழக் கூடாது. அத்த மூஞ்சியத் திருப்புனா, நான் வாய மூடுனேன். வேற எப்படிடி 'வேணாம்'னு சொல்றது? தெருவுல வெளையாடுற ஆறு வயசுப் புள்ளைக்குக்கூடப் புரிஞ்சிருக்கும்."

"வீட்டுக்கு வந்தப்புறம் தனியாவாச்சும் சொல்லியிருக்கலாமே..."

"நீ புரிஞ்சுக்கிட்டேன்னுல்ல நெனச்சோம்! ஏதோ எழுதுன, மூடிட்ட, கெளம்பிட்ட. 'என் மருமக கெட்டிக்காரி, அந்த ஆளு முன்னால மேல ஒண்ணும் கேக்காம விட்டுட்டா பாரு'ன்னு அத்த அன்னிக்குப் பூரா பெருமையடிச்சா."

தன் ஜனத்துப் பெண்களின் கதைகளில் மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று நெரிடாவே ஆய்வேட்டில் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தாள். மௌனம் மறுப்பு என்று அதில் எழுதியிருந்தாள். பேராசிரியர் ஓரத்தில் 'அபாரம்' என்று குறித்திருந்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவளுடைய சுரைக்காய் உதவாததோடு நிற்கவில்லை. வெளியாள் நூறு வருஷமாகத் தொடாத இடத்தை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டது.

வாசலுக்குப் போய் கிரெய்க்குக்குப் போன் செய்தாள்.

"உங்க ஆளுங்க, உன் படிப்பு, உன் கையெழுத்து. நான் என்னத்தக் கண்டேன்?" என்றான் அவன். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னான், அதனால்தான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

திரும்பி வந்து அக்காவின் பக்கத்தில் மண்டியிட்டாள். "நான் கோர்ட்டுக்குப் போறேன்க்கா. அந்த எடத்தோட கதைய முழுசா சொல்லு, ஒண்ணு விடாம எழுதி வெக்கிறேன். கதையாச்சும் மிஞ்சட்டும்."

அதுவரை தலை குனிந்திருந்த ஐவி அத்தை நிமிர்ந்தாள்.

"இன்னும் எழுதறதுலதான் நிக்கிற. படிச்சது தப்பில்லடி. நம்மளப் பத்திப் படிச்ச, நம்மகூட உக்காரல. மண்ணப் பத்தித் தெரியணும்னா மொதல்ல அந்த மண்ணுல உக்காரணும். மனுஷங்க வாய மட்டுமில்ல, மூஞ்சியையும் படிக்கணும். அத விட்டுட்டுக் காகிதத்த நம்புனா, எதிரி செய்யாத நாசத்தப் பெத்த புள்ளையே செஞ்சுரும்."

நெரிடா ஆபீஸ் பாவாடையோடு மண்ணில் சரிந்து உட்கார்ந்தாள். அழுகையில் குரல் உடைந்தது. "இப்ப உக்காந்துட்டேன் அத்த. இப்பச் சொல்லு. எழுத மாட்டேன், கேக்க மட்டும் செய்றேன்."

அத்தை அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"அந்தக் கதைய அந்த மரத்தடியில வெச்சுத்தான் சொல்லணும். எனக்கும் அங்கதான் சொன்னாங்க, உன் அக்காளுக்கும் அங்கதான் சொன்னேன். அடுத்த மழ முடிஞ்சதும் ஒன்னக் கூட்டிட்டுப் போகணும்னு இருந்தோம்."

மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"இனி எங்க கூட்டிட்டுப் போறது, சொல்லு?"