சாதுவான நாலு பெட்டைகள்

என் கணவருக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. குழாய் ஒழுகினால் அவரே ரிப்பேர் பார்ப்பார். பிறகு பிளம்பர் வந்து, இவர் பார்த்த ரிப்பேரையும் சேர்த்துப் பார்ப்பார். அப்பேர்ப்பட்டவர்தான் ஒருநாள் எட்டுக் கோழிக்குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

என் கண் முதலில் மாடிக்குத்தான் போனது. மாடியில் இருக்கும் ஓனரம்மா நர்ஸ். ராத்திரி டியூட்டி முடித்து, விடிந்த பிறகுதான் படுப்பார். "கோழி வளர்த்துக்கோங்க. ஆனா ஒரு சேவல் கூவினாலும் வீட்டைக் காலி பண்ணிடணும்" என்று சொன்னதோடு விடாமல், வாடகை ஒப்பந்தத்திலும் அதை எழுதி இவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். முன்னறையில்தான் என் தையல் மெஷின் கிடக்கிறது. தெருவே என்னிடம் துணி கொடுக்கிறது. வேறு தெருவுக்குப் போனால் ஒன்பது வருஷமாகச் சேர்த்த வாடிக்கை அத்தனையும் போச்சு. கையெழுத்து இவருடையது, பிழைப்பு என்னுடையது.

இரண்டு மாதம் ஆனதும், பெட்டை எது, சேவல் எது என்று பிரிக்க இவர் பின்பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். இரண்டு நாள் ஆராய்ச்சி. தீவனத்துக்கு முட்டிமோதியது, மற்றதைக் கொத்தியது, கையை நீட்டினால் எதிர்த்து நின்றது என்று நாலைப் பிடித்துக் கூடையில் அடைத்தார்.

"இது நாலும் சேவல். யாருக்காவது கொடுத்துடு."

"எப்படிச் சொல்றீங்க?"

"இதுங்களுக்கு எவ்ளோ திமிரு பாரு. பெட்டைன்னா அடக்கமா இருக்கும்."

பதினாறு வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிற மனுஷன் பேசுகிற பேச்சு இது.

நான் கூடைக்குள் எட்டிப் பார்த்தேன். நாலுக்கும் கொண்டை சின்னதாக, வெளிறிப்போய் இருந்தது. வெளியே மேய்ந்த, இவர் மெச்சிய சாதுக்களுக்கோ கொண்டை சிவந்து தடித்து, காலும் கனத்திருந்தது. கண் இருப்பவர்களுக்கு இது போதும்.

"கொண்டையைப் பாருங்க. நீங்க வச்சுக்கப்போறதுதான் சேவல்."

"நீ ஊசியில நூல் கோர்க்கிற வேலையை மட்டும் பாரு."

எனக்குக் கோபம் உச்சிவரைக்கும் ஏறியது. அதோடு விட்டாரா? நான் மாற்றிவிடக் கூடாதாம்; என் பெட்டியிலிருந்தே சிவப்பு நூலை எடுத்துச் சாதுக்களின் காலில் கட்டிவிட்டார். சண்டைக்காரிகளைத் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

இன்னும் இரண்டு மாதம் போனது. சாதுக்களின் கழுத்து இறகு நீண்டு, நுனி கூராகி, பளபளவென்று மின்னியது. "பெட்டைக்கு வந்த அழகைப் பாத்தியா?" என்று பூரித்துப்போனார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஒன்று கூவியது. தொண்டை கட்டியவன் கத்துகிற மாதிரி அரைகுறைக் கூவல்தான். ஆனால் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டுவிட்டது. ஓனரம்மா சிவந்த கண்ணும் கையில் ஒப்பந்தமுமாக வந்து நின்றார்.

"பெட்டைதாங்க மேடம். சில பெட்டைங்க இப்படிக் கூவும்" என்றார் இவர். சொல்லி வாய் மூடவில்லை, இன்னொன்று கூவியது.

ஓனரம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

இவர் எனக்குக் கண்ணைக் காட்டினார். விட்டுக்கொடுக்காதே என்று அர்த்தம். எத்தனையோ தடவை விட்டுக்கொடுக்காமல் இருந்திருக்கிறேன்.

"நாலும் சேவல்தான் அக்கா. எனக்கு அப்பவே தெரியும். இவர்கிட்ட சொன்னேன், கேக்கல. உங்ககிட்ட சொல்லாதது என் தப்பு. மத்தியானத்துக்குள்ள ஒண்ணுகூட இங்க இருக்காது. இந்த முன்னறை போச்சுன்னா என் பிழைப்பே போச்சு அக்கா."

ஓனரம்மா மெஷினைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். பிறகு ஒப்பந்தத்தை இரண்டாகக் கிழித்தார்.

"புதுசா எழுதிக்கலாம். உங்க பேர்ல."

மத்தியானத்துக்குள் கறிக்கடைக்காரர் வந்து நாலையும் கொண்டுபோனார். மறுநாள் சாயங்காலம் தையல் மேஜைமேல் புதுக் காகிதம். சேவல் விஷயம் ஒரு எழுத்து மாறாமல் அதிலும் இருந்தது. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

"சாட்சிக்கு ஒரு ஆள் வேணுமே" என்றார் ஓனரம்மா.

"அதான் இவர் இருக்காரே."

இவர் பேனாவை வாங்கிக்கொண்டு, "எங்க போடணும்?" என்று என்னைக் கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன்.