வாளியில் நின்ற தண்ணீர்

தண்ணீர் மாற்றிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் மீன் வாயை மேலே தூக்கிக்கொண்டு ஒரு பக்கமாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. கரோலின் ஈரக் கையைச் சேலையில் துடைக்கவும் தோன்றாமல் கண்ணாடித் தொட்டியின் முன்னால் நின்றாள். ஏழாவது சனிக்கிழமை இது. ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே மாதிரி ஒன்றோ இரண்டோ போய்விடுகிறது. செடிகளும் நன்றாக இல்லை. அகல இலைச் செடி ஓரத்திலிருந்து கூழாகிக் கரைந்துகொண்டிருந்தது.

தொட்டிக்கு எதிரே நாற்காலியில் இருந்த அவள் கணவர் நேசையா இடது கையால் நாற்காலியின் கையைத் தட்டினார்.

“நாளைக்கி,” என்றார்.

“என்ன நாளைக்கி?”

“நாளைக்கி… நாளைக்கி!”

“எல்லாத்துக்கும் நாளைக்கி சொன்னா எப்பங்க செய்ய? நாளைக்கி கோயிலுக்குப் போணும். வந்து நூத்திப் பத்துப் பேப்பர் திருத்தணும். சனிக்கிழமைய விட்டா எனக்கு எந்த நாளு இருக்கு?”

ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே பேச்சுதான். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

நேசையா பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவர். இருபத்தெட்டு வருடம் அமிலமும் காரமும் அளந்து ஊற்றிய கை. எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து அந்த வலது கையையும் பேச்சையும் ஒரே காலையில் எடுத்துக்கொண்டு போனது. புத்தி அப்படியேதான் இருந்தது. சொல் மட்டும் இடம் மாறிவிட்டது. கண்ணாடியை எடுத்துத் தா என்பதற்குச் ‘சாவி’ என்பார். தண்ணீர் வேண்டுமென்றால் ‘குடை’. சொன்னதுமே தப்பாக வந்துவிட்டது என்று அவருக்கே தெரியும். தெரிந்து முகம் சுருங்கும். அதைப் பார்க்கத்தான் கரோலினால் முடியாது. எதையாவது ஊகித்து எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

தொட்டி அவருடையது. மரக்கட்டையும் வாதாம் இலையும் ஊறி ஊறி அதன் தண்ணீர் எப்போதும் லேசாகப் புளிப்புப் பக்கம்தான் இருக்கும்; அவர் வளர்த்த மீனுக்கு அதுதான் ஒத்துக்கொள்ளும். அவர் இருந்தவரை ஒரு மீன் செத்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. ‘அவர் இருந்தவரை’ என்று மனசுக்குள் ஓடியதும் திடுக்கிட்டாள். எதிரே உட்கார்ந்திருக்கிற மனுஷனை இப்படியா நினைப்பது?

அவள் சரித்திர ஆசிரியை. தண்ணீரின் புளிப்பையும் காரத்தையும் அளக்கிற பிஹெச் என்றால் என்ன என்று பத்தாம் வகுப்போடு மறந்துவிட்டாள். மீன் கடை தாஜ் முகம்மதுவிடம் போனில் கேட்டதற்கு அவர் பொறுமையாகச் சொன்னார்: “தொட்டித் தண்ணியும் புதுத் தண்ணியும் ரொம்ப வித்தியாசமா இருந்தாதான் மீனு அதிர்ச்சியில போவும் அக்கா. ரெண்டையும் சொட்டு மருந்து விட்டுப் பாருங்க. ஒரே கலர் காட்டிச்சின்னா தைரியமா ஊத்துங்க.” அதன்படி ஒவ்வொரு தடவையும் குழாயைத் திறந்து, சின்னக் கண்ணாடிக் குழலில் பிடித்து, மூன்று சொட்டு விட்டுக் குலுக்கிப் பார்த்துத்தான் ஊற்றினாள். தொட்டித் தண்ணீர் இளம்பச்சை. குழாய்த் தண்ணீரும் கிட்டத்தட்ட அதே பச்சை. இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்ய?

மத்தியானத்துக்குள் நான்கு மீன்கள் போயிருந்தன. இன்னும் ஐந்து இருந்தன. மீதித் தண்ணீரையும் மாற்றிவிட்டால் தெளியுமோ என்று அவள் இரண்டாவது வாளியைத் தூக்கப் போனபோது, நேசையா ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார். வலது காலை இழுத்து இழுத்து வந்து வாளியின் பிடியை இடது கையால் பற்றிக்கொண்டார்.

“விடுங்க. விழுந்துருவிய.”

“நாளைக்கி.”

“ஆமா, நீங்க எப்பவும் இதைத்தான சொல்லுவிய. குழாய் ஒழுகினாலும் நாளைக்கி, ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷர் பாருங்கன்னாலும் நாளைக்கி. அன்னைக்கே போயிருந்தா…”

மிச்சத்தை விழுங்கினாள். விழுங்கியும் பிரயோசனம் இல்லை, அவருக்குக் கேட்டுவிட்டது. அவர் வாளியை விடவில்லை. தண்ணீர் தளும்பித் தரையில் சிந்தியது. “என்னமும் செய்யுங்க. மிச்சம் கெடக்கிறதை எல்லாம் தாஜ் முகம்மது கடையிலயே கொடுத்துருதேன்,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாளி கூடத்திலேயே கிடந்தது.

ஞாயிறு கோயில் முடிந்து வந்தபோது அவர் மடியில் சொட்டு மருந்துப் பெட்டியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒற்றைக் கையால் மூடியைத் திறக்கப் பார்த்துப் பாதி மருந்து வேட்டியில் கொட்டியிருந்தது. வாளியைக் காட்டினார். அவளுக்கு எரிச்சலாகத்தான் வந்தது. நேற்றுப் பார்த்த அதே தண்ணீரை இன்றைக்கு எதற்குப் பார்க்க வேண்டும்? ஆனாலும் அந்த வேட்டிக் கறையைப் பார்த்துவிட்டுக் குனிந்து குழலில் தண்ணீர் பிடித்தாள். மூன்று சொட்டு விட்டுக் குலுக்கினாள்.

நீலம்.

குழலைக் கழுவி மறுபடி பிடித்தாள். மறுபடியும் நீலம், மைப்புட்டியில் இருக்கிற மாதிரி. பெட்டி அட்டையில் அந்த நிறத்துக்கு நேரே ‘காரம்’ என்று போட்டிருந்தது. குழாயைத் திறந்து புதிதாகப் பிடித்துப் பார்த்தாள். பச்சை.

தாஜ் முகம்மதுவைக் கூப்பிட்டாள். அவர், “போர் தண்ணி கலந்திருக்கும் அக்கா. பூமிக்குள்ள இருந்து வாரப்ப அதுல கேஸ் இருக்கும், அது நெசக் கலரைக் காட்ட விடாது. ஒரு நாள் வாளியில கெடந்து கேஸ் போனாத்தான் தெரியும். நான்தான் சொல்லாம விட்டுட்டேன்,” என்றார்.

அடுக்ககச் செயலாளர் மகேஸ்வரன் கீழ்த்தளத்தில் இருந்தார். இறங்கிப் போய்க் கேட்டாள். “ஆமா டீச்சர், ரெண்டு மாசமா ஆத்துத் தண்ணி பத்தல. மேல் தொட்டியில போர் தண்ணியும் சேத்துதான் ஏத்துதோம். லிஃப்டுக்குள்ள நோட்டீஸ் ஒட்டினமே, பாக்கலியா?”

பார்க்கவில்லை. லிஃப்டில் வரும்போதெல்லாம் நேசையாவின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

படியேறி வந்தாள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கோபம் வந்தது. ஏழு வாரம். ஒரு மனுஷன் தன்னிடம் மிச்சம் இருந்த ஒரே சரியான சொல்லை எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நாளைக்குப் பார், இன்றைக்குப் பார்க்காதே என்று. அவளுக்கு அது முப்பது வருடப் பழைய சோம்பலாகக் கேட்டிருக்கிறது.

“நான் ஒரு முட்டாளு,” என்றாள் அவர் முன்னால் நின்று.

அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் கீழே கார்ப்பரேஷன் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்த காலையில் இரண்டு குடம் பிடித்து வைத்தாள். ஒரு நாள் நிற்க வைத்துச் சோதித்தாள், பச்சைதான். அப்படியும் ஒரேயடியாக ஊற்றப் பயமாக இருந்தது. மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய் ஒன்று வாங்கி வந்து, குடத்தை அலமாரிமேல் ஏற்றி, நுனியைத் தொட்டியின் விளிம்பில் கட்டினாள்.

நேசையா நாற்காலியை நெருக்கிப் போடச் சொல்லிக் கை காட்டினார். பிறகு செடியையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்து, “சைக்கிள்,” என்றார்.

“விளக்கைக் கூட்டவா?”

“சைக்கிள்.”

“கொறைக்கவா? அந்த அழுகின எலைய வெட்டவா? மோட்டாரா?”

ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினார். “சைக்கிள், சைக்கிள்…” கழுத்து நரம்பு புடைத்தது. அவளும் தொட்டியில் இருந்த ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். கடைசியில் காட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள்.

“இருக்கட்டும். நாளைக்கி மறுபடி கேக்குதேன்,” என்றாள்.

அவர் இடது கையை நீட்டிக் குழாயின் சின்னச் சக்கரத்தைப் பெருவிரலால் உருட்டினார். ஓடிக்கொண்டிருந்த நீர் இழை அறுந்து சொட்டாயிற்று. “ஒண்ணு,” என்றார். “ரெண்டு. மூணு.” எண்கள் வழுக்காமல், வரிசை தப்பாமல் வந்தன. பதினாலில் நின்றது. உதடு எதையோ தேடியது. அப்புறம் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.

இலைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு மீன் வந்து, சொட்டு விழுகிற இடத்துக்கு ஒரு விரல் கீழே நின்றது.