நாலு நாள் ஊஞ்சல்

கூனிமலைத் தோட்டத்து மேற்பிரிவில், ஏழாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் நின்ற பெரிய டர்பன்டைன் யூக்கலிப்டஸ் மரம், 2023ஆம் ஆண்டு நவம்பர் ஏழாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை விழத் தொடங்கி, டிசம்பர் நடுப்பகுதி வரை விழுந்துகொண்டிருந்தது. வேர் அறுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஓடிக் குனிந்திருந்தார்கள். கால் மணி நேரமாகியும் ஒன்றும் நடக்காததால் திரும்பிப் பார்த்தபோது, மரம் கால்வாசி சாய்ந்தபடி ஆகாயத்தில் நின்றது. நின்றது என்று சொல்வதும் சரியில்லை; மத்தியானம் பார்த்தபோது இன்னும் ஒரு சாண் இறங்கியிருந்தது. நூற்றிருபது அடி மரம், நாளுக்கு ஓரடி, ஈரமான நாளில் ஒன்றரை அடி என்று, எட்டுக் குடும்பங்களின் தகரக் கூரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. கிராம சேவகர் டயகமவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து படிவத்தை விரித்தார். விழுந்த மரத்துக்கு ஒரு கட்டம் இருந்தது, விழக்கூடிய மரத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. “மேக்க லியன்ன தெனக் நே” என்றார் சிங்களத்தில். இதை எழுத இடமில்லை என்று அர்த்தம். பேனாவை மூடிக்கொண்டு மரத்தை ஒரு முறை பயத்தோடு பார்த்துவிட்டுப் போனார்.

ஆண்கள் மரத்துக்கு முட்டுக்கொடுத்தார்கள். முட்டுக்கட்டைகள் இரண்டு நாள் நெளிந்து மூன்றாம் நாள் முறிந்தன. அந்த வாரமே உச்சிக் கொப்பு ஒன்று தானாக ஒடிந்து, புதன் காலையிலிருந்து வியாழன் பின்னேரம் வரை காற்றில் இறங்கி வந்தது. அது இறங்கும் இடத்தில் அதே லயத்துப் பேச்சியம்மாவின் கோழிக்கூடு இருந்தது. கோழிகளை முதலே எடுத்துவிட்டார்கள். ஆறு பேர் சேர்ந்து கொப்பைத் தள்ளிப் பார்த்தும் அது ஒரு மயிரிழை விலகவில்லை. ஓர் இலை மேலே விழுவதைப் போலத்தான் கூட்டைத் தொட்டது. ஆனால் இரண்டு மணி நேரத்தில் மரச்சட்டம் தூளாகி, தகரம் மண்ணுக்குள் அரையடி போய்விட்டது. மெதுவாக வருகிறதே தவிர, வருகிற பலம் குறையவில்லை என்பதை அன்றைக்குத்தான் லயம் தெரிந்துகொண்டது. அதன் பிறகு யாருக்கும் சோறு இறங்கவில்லை. பேசும்போது பேச்சை விட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பது எல்லோருக்கும் பழக்கமாயிற்று.

அந்த லயத்தில் ஒற்றை அறை வீடான கடைசிக் காம்பிராவில் இருந்தவர்கள் சுஜீவனும் அவன் மனைவி யூஜினாவும். சுஜீவன் கொழும்பில் பெரிய மரங்களின் கிளைகளைக் கயிற்றில் தொங்கியபடி அறுத்து இறக்கும் கம்பனி ஒன்றில் ஆறு வருடம் வேலை செய்து, கயிறு, இடுப்புவார், கப்பி, கொக்கிகளோடு ஊர் திரும்பியவன். யூஜினா கொழுந்தெடுப்பதை விட்டுவிட்டு அவனுக்குக் கீழாளாக இருந்தாள். அவன் அறுக்கும் கொப்பில் கட்டிய கயிற்றை மரத்தடியில் மூன்று சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்குவது அவள் வேலை. கயிற்று வேலையில் அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஏறுவது மட்டும் முடியாது. இரண்டு தடவை முயன்றாள். கூரை உயரம் வந்ததும் கை குளிர்ந்து, விரல் மடங்காமல் போய்விட்டது.

விழுகிற மரத்தில் உயிரைக் கட்ட முடியாது. அதனால் சுஜீவன் நாற்பது அடி தள்ளி நிமிர்ந்து நின்ற இன்னொரு டர்பன்டைன் மரத்தின் உச்சியில் தன் கயிற்றைக் கட்டினான். அங்கிருந்து கயிறு நேரே சாய்ந்த மரத்துக்குப் போய், அங்கே ஒரு வலுவான கொப்பில் வாரால் கட்டிய கப்பிக்குள் நுழைந்து, அவன் இடுப்புக்கு இறங்கியது. கப்பி இருக்கும் இடத்தில் கயிறு திரும்புவதால் அதற்குத் திருப்பு என்று பெயர். யூஜினாவிடம் அவன் இதை எத்தனையோ தடவை சொல்லியிருந்தான். “உச்சியில இருக்கிற கட்டு உசுரு, யூஜி. நடுவுல போடுற திருப்பு வழி மட்டுந்தான். திருப்பு முறிஞ்சா சாவ மாட்டேன், ஊஞ்சல் மாதிரி ஆடிப் போவேன். ஆடுற பாதையில ஒண்ணும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

வாளால் அறுத்த கொப்பு சாதாரணமாக விழுந்தது. தானாக முறிந்ததுதான் மெதுவாக வந்தது. இது ஏனென்று யாரும் கேட்கவில்லை, வேலைக்கு அது வசதியாக இருந்தது. மூன்று வாரத்தில் மரத்தின் பாதிக் கொப்பு தரைக்கு வந்துவிட்டது. நவம்பர் இருபத்தேழாம் தேதி திங்கட்கிழமை, பேச்சியம்மாவின் கூரைக்கு இரண்டு சாண் மேலே நின்ற கொப்பை அறுப்பதற்காக, சுஜீவன் திருப்பை இன்னும் வெளியே தள்ளிப் போட்டான். கீழே நின்ற யூஜினா, உச்சிக் கட்டிலிருந்து அவன் நிற்கும் இடத்துக்கு மனசுக்குள் ஒரு கோடு போட்டுப் பார்த்தாள். கோட்டைக் கீழே கொண்டுவந்தபோது, தேயிலைக்கு நடுவே இரண்டாள் உயரத்தில் மூக்கை நீட்டிக்கொண்டிருந்த கரும்பாறை அதன் குறுக்கே இருந்தது.

“என்னாங்க! பாறை பாதையில வருதுங்க!”

“ஒரே ஒரு கொப்பு தான்!” என்று மேலேயிருந்து சத்தம் வந்தது.

காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, திருப்புப் போட்டிருந்த கொப்பு அடியோடு முறிந்தது. உள்ளே உளுத்திருந்ததைப் பட்டை மறைத்திருந்தது. தானாக முறிந்தது என்பதால் கொப்பும் மெதுவாகப் புறப்பட்டது, அதில் கயிறு மாட்டியிருந்த சுஜீவனும் மெதுவாகப் புறப்பட்டான். கால் இரண்டும் காற்றில், கைவாள் நாடாவில் தொங்கியபடி, வாய் பாதி திறந்து, அவன் ஆகாயத்தில் சாய்ந்து கிடந்தான். வாயிலிருந்து “யூ” என்று ஒரு சத்தம் வந்தது. அது நிற்கவில்லை. தேனீக்கூட்டின் இரைச்சல் போல, அவள் பெயரின் முதல் எழுத்து இரவும் பகலும் லயத்தின் மேல் கேட்டுக்கொண்டிருந்தது. கம்பளிப் போர்வைக்குள் தலையை மூடினாலும் யூஜினாவுக்குக் கேட்டது.

தோட்டப் பாடசாலையில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற மரியநாயகம் மாஸ்டர், நூலில் கல்லைக் கட்டி, சுஜீவனுக்கு நேர் கீழே மணிக்கொரு ஆப்பு அடித்தார். திங்கட்கிழமை மணிக்கு இரண்டு விரற்கடை. செவ்வாய்க்கிழமை நாலு. புதன்கிழமை அரைச் சாண். ஊஞ்சல் கீழே வர வர வேகம் கூடும் என்று மாஸ்டர் சொன்னார். பிறகு யூஜினாவைத் தனியாகக் கூப்பிட்டு, “வியாழக்கிழமை மூணு மணிக்கு, பின்மண்டை” என்றார். வேறு விதமாகச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. எட்டுப் பேர் கயிற்றின் அடி நுனியைப் பிடித்து இழுத்தார்கள், கைத்தோல்தான் உரிந்தது. பாறைக்கு வெடி வைக்கலாம் என்றார் ஒருவர். மேலே ஆள் தொங்கும்போது யார் வைப்பது என்றார் இன்னொருவர். பெண்கள் ஏழு மெத்தைகளைப் பாறையில் கட்டினார்கள். கோழிக்கூட்டைப் பார்த்திருந்தபடியால் யாரும் அதை நம்பவில்லை, கட்டாமல் இருக்கவும் முடியவில்லை. யூஜினா ஜெபமாலை சொன்னாள், பக்கத்துக் காம்பிராக்காரர்கள் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தார்கள். கொழும்புக் கம்பனிக்குப் போன் எடுத்தபோது, ஆள் அனுப்புகிறோம், சனிக்கிழமை வருவார் என்றார்கள்.

இதற்கிடையில், செவ்வாய்க்கிழமை மத்தியானமே, ஆப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த யூஜினாவுக்கு ஒன்று புரிந்தது. ஆடி வருகிறவனை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் அவன் கயிறு இன்னும் உச்சிக் கட்டிலிருந்துதான் வருகிறது. உச்சிக்குப் பக்கத்தில், கயிறு வந்து சேருமுன்னே பக்கவாட்டில் ஒரு திருப்புப் போட்டு வைத்தால், கயிறு தானே அதில் வந்து சாயும். மேலே ஒரு சாண் திரும்பினால் கீழே மூன்று முழம் திரும்பும். இழுக்க யாரும் வேண்டியதில்லை. இதை அவள் மாஸ்டரிடம் சொன்னபோது அவர் மண்ணில் குச்சியால் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, “சரிதான் மகள். யார் ஏறுறது?” என்று கேட்டார். அவள் மணல்மூட்டை கட்டிய எறிகயிற்றைக் கையில் எடுத்தாள்.

நிமிர்ந்த மரத்தின் முதல் கவைக்கே அறுபது அடி. மூட்டையை எறிந்து எறிந்து தோள்மூட்டு வீங்கிவிட்டது. மூடுபனியில் கவையே தெரியவில்லை. நாற்பத்தொன்றாவது எறியில், புதன் பின்னேரம், மூட்டை கவையைத் தாண்டி மறுபக்கம் இறங்கியது. அதைக் கொண்டு பெரிய கயிற்றை ஏற்றி, சுஜீவனின் பழைய இடுப்புவாரைத் தன் அளவுக்கு இறுக்கி, வியாழக்கிழமை விடிந்ததும் ஏறத் தொடங்கினாள். கூரை உயரத்தில் வழக்கம்போல விரல் மடங்காமல் போனது. “ஏ புள்ள, கீழ பாக்காத, மேலயும் பாக்காத, மரத்தப் பாரு!” என்று பேச்சியம்மா கத்தினாள். யூஜினா மரத்தைப் பார்த்தாள். பட்டை நாடா நாடாவாக உரிந்து தொங்கியது, அதில் எறும்பு போனது. எறும்பையே பார்த்துக்கொண்டு இன்னொரு அடி ஏறினாள். கை குளிர்ந்தே இருந்தது. குளிர்ந்த கையாலும் கயிற்றைப் பிடிக்கலாம் என்பது பன்னிரண்டு மணியளவில் அவளுக்குத் தெரிந்தது.

இடப்பக்கக் கொப்பில் குந்தி, தட்டிப் பார்த்து, கத்தியால் பட்டையைச் சீவி உள்ளே உளுப்பு இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு வாரைச் சுற்றினாள். பெரிதாகத் திருப்பினால் கொப்பின் மேல் ஆளின் பாரத்தைப் போல இரண்டு மடங்கு விழும். சின்னதாகத் திருப்பினால் கொப்பு தாங்கும், ஆனால் அவன் பாறைக்கு எவ்வளவு தள்ளிப் போவான் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே ஒரு கொப்பு முறிந்ததைப் பார்த்தவள் சின்னதாகவே போட்டாள். கப்பிக்குள் அவன் கயிற்றை மாட்டி, கொக்கியைத் திருகி மூடினாள். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. தன் புருஷனின் முகத்தை அப்போதுதான் அவள் மேலிருந்து பார்த்தாள். கண்ணிமை மூடுவதற்குப் பாதி வழியில் இருந்தது. திங்கட்கிழமை காலையில் அவனுக்கு வந்த பயம் வியாழக்கிழமையும் புதிதாகவே இருந்தது.

இரண்டு மணி இருபதுக்குக் கயிற்றின் பாரம் வாரில் இறங்கியது. வார் முறுகியது. கொப்பு அடிவரை ஒரு தடவை முனகிவிட்டு அடங்கியது. கீழே மாஸ்டர் ஆப்பு அடித்துக்கொண்டே வந்தார். ஆப்புகளின் வரிசை பாறைக்கு இடப்பக்கமாக வளையத் தொடங்கியது. மூன்று மணிக்கு சுஜீவனின் தலை பாறையின் மூக்குக்கு வந்தது. நாலு விரற்கடை இடைவெளி என்றார் மாஸ்டர், பிறகு மூன்று, பிறகு இரண்டு. தலைக்கவசம் பாறையில் உரசியது. சாணைக்கல்லில் கத்தி தீட்டுவது போன்ற அந்தச் சத்தம் ஐம்பது நிமிடம் கேட்டது. நாலு மணிக்குச் சற்று முன்னால் சத்தம் நின்றது. அவன் பாறையைத் தாண்டிவிட்டிருந்தான். கீழே எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள்.

யூஜினாவை இறங்கச் சொன்னார்கள். திருப்பைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அவள் இறங்கவில்லை. பேச்சியம்மா இஞ்சித் தேத்தண்ணீரைப் போத்தலில் ஊற்றிக் கயிற்றில் அனுப்பிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை, டிசம்பர் முதலாம் தேதி காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஆட்டம் மறுமுனையை எட்டியது. அந்த இடத்தில் நேரம் எல்லோருக்கும் போல ஓடத் தொடங்கியது. “ஜி!” என்று சுஜீவன் பெயரை முடித்தான். பக்கத்து மரத்தின் கொப்பைக் காலால் பின்னிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். அண்ணாந்து பார்த்தபோது, மேலே எழுபதடி உயரத்தில், அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

“நீ எப்ப ஏறின?” என்றான்.

“நேத்து” என்றாள் யூஜினா.

“இப்பத்தானே கீழ நின்ன? ஏன் இப்பிடி எளைச்சுப் போயிருக்க?”

அவன் கயிற்றில் ஏறி வந்து அவள் இடுப்புக் கொக்கியை ஒரு தடவை சோதித்துப் பார்த்தான். அது சரியாகத்தான் மூடியிருந்தது.

மீதி மரத்தை அவர்கள் மாறி மாறி ஏறி, டிசம்பர் பதினாறாம் தேதி முடித்தார்கள். கூரையில் ஒரு தகரம் கூட நெளியவில்லை. ஆனால் சுஜீவனுக்கு அந்த நாலு நாள் வரவேயில்லை. அவனுக்கு அது இரண்டு நொடி. அதனால் மற்றவர்களுக்கு நாலு நாள் பிந்தியே அவன் உடம்பு நடந்தது. லயத்தில் எல்லோருக்கும் தடிமன் பிடித்துக் குணமான பிறகு அவனுக்குத் தும்மல் வந்தது. இருபத்தைந்தாம் தேதி பூசையில் பாட்டுப் பாடினான், ஆனால் முகத்தில் பண்டிகை இல்லை. இன்னும் வரவில்லை என்று சொன்னான். இருபத்தொன்பதாம் தேதி விடியற்காலை தானாக எழும்பிக் குளித்து, புதுச் சட்டை எங்கே என்று கேட்டான். பங்குத்தந்தை விசாரித்துவிட்டு, அவருக்கு வந்த நாளில் அவர் கொண்டாடட்டும் என்று சொல்லிவிட்டார்.

இப்போதெல்லாம் வருடாவருடம் அப்படித்தான். அந்த இடைப்பட்ட நாலு நாளும் யூஜினா அவனை மரம் ஏற விடுவதில்லை. மரம் அவசரமென்றால் தானே ஏறுகிறாள், அவன் கீழே நின்று கயிறு பிடிக்கிறான், அண்ணாந்து பார்த்துப் பார்த்து அவன் கழுத்துத்தான் வலிக்கிறது. இருபத்தெட்டாம் தேதி பின்னேரம் அவள் இரண்டாம் தடவையாக மாவு பிசைகிறாள். பேச்சியம்மா வீட்டாரும் மாஸ்டரும் மறுபடியும் பலகாரம் சாப்பிட வருகிறார்கள். ஏழாம் நம்பர் லயத்துப் பிள்ளைகளுக்கு வருடத்தில் இரண்டு கிறிஸ்மஸ். மற்ற லயங்களில் ஏன் ஒன்றுதான் என்று அவர்கள் கேட்கிறார்கள்.