வெந்த பாசி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் அண்ணன் அடித்த கூத்து. அண்ணி ஆய்வுக்கூடத்தில் நுண்பாசி வளர்க்கிறார். பழைய பேட்டரிப் பட்டறைக்குப் பக்கத்துக் கிணற்றில் ஈயம் கலந்துவிட்டது. அந்த ஈயத்தைப் பாசி இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். நாளைக்குள் தண்ணீர் சோதனையில் தேறாவிட்டால் நகராட்சி இஞ்சினியர் கிணற்றைக் கான்கிரீட் போட்டு மூடிவிடுவார். அந்தத் தெருவுக்கே ஒரு கிணறுதான்.

முதல் வரியை இப்படி ஆரம்பித்தேன்: பச்சை வெறும் நிறமா என்ன, அது ஒரு

(ஒரு என்ன? எனக்கே தெரியவில்லை. அடிக்காமல் விட்டிருக்கிறேன், பார்த்துச் சிரியுங்கள்.)

2

ஆய்வுக்கூடத்தில் கரண்ட் போனது. அண்ணி மீட்டிங்கில் இருந்தார். சாப்பாடு கொண்டுபோன அண்ணன், வெளிச்சமில்லாமல் பாசி வாடிவிடுமே என்று பதறி, பாட்டில்களைத் தூக்கிப்போய்த் தகரக் கூரைமேல் அடுக்கிவிட்டான். அண்ணி வந்து பார்த்தபோது பச்சையெல்லாம் பழுப்பாகி அடியில் படிந்து கிடந்தது.

"வெயில் நல்லா படட்டும்னுதான் வெச்சேன்."

"அதுக்குன்னு வேகவெச்சுட்டீங்களே!"

3

இந்த இடத்தில் எனக்குக் குஷி பிறந்துவிட்டது. எழுதுகிறவனுக்குக் கதையில் ஒரு சாவு விழுந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அண்ணியை அழவைத்தேன். அண்ணனைப் படிக்கட்டில் உட்காரவைத்தேன். மழையைக்கூட வரவழைத்தேன். (உண்மையில் நல்ல வெயில்.) சாயங்காலம் கரண்ட் வந்ததும் தாள்களை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடம் போனேன். அண்ணி ஈயத்தின் அளவு பார்க்கும் மெஷின் முன்னால் நின்றபடியே படித்தார்.

"தம்பி, இதுல நான் எதுக்கு இப்படி அழறேன்?"

"பாசி செத்துடுச்சே, அண்ணி."

"செத்தா என்ன? ஈயம் ஒட்டறது அதோட மேல்சுவர்ல. உயிர் போனாலும் சுவர் இருக்குல்ல? வெந்ததையே கிணத்துத் தண்ணில கலக்கி, வடிகட்டி, மெஷினுக்குள்ள வெச்சிருக்கேன்."

"தேறுமா?"

"அதுதான் தெரியல. தொணதொணக்காம நில்லு."

4

நின்றேன். சும்மா நிற்க முடியாமல் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) ஈயம் போகவில்லை, கிணறு மூடப்படுகிறது. விமர்சகர்கள் பாராட்டுவார்கள்.

(ஆ) பாதிதான் போகிறது. யாரும் பாராட்ட மாட்டார்கள்.

(இ) அண்ணி திடீரென்று

மெஷினில் எண் வந்துவிட்டது. அண்ணி படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

"ஈயம், குடிக்கிற தண்ணிக்கான அளவுக்கும் கீழ போயிடுச்சுடா! உயிரோட இருந்தப்பகூட இவ்வளவு இழுக்கல!"

உடனே இஞ்சினியருக்கு போன் போட்டார். சிமெண்ட் மூட்டைகளை இறக்க வேண்டாம், ஆனால் நாளைக்குத் தன் கண்முன் இன்னொரு தடவை செய்து காட்ட வேண்டும் என்றார் அவர். நானும் குதித்தேன். என் சோகக் கதை பாழாய்ப் போனதில் துளி வருத்தமும் இல்லை.

5

அப்போது அண்ணன் வந்து வாசலில் நின்றான். முகம் தொங்கிப் போயிருந்தது. அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

"சத்தியமா சொல்றேன், இனிமே உன் பாட்டில் பக்கமே வரமாட்டேன். கூரையேறவே மாட்டேன்."

அண்ணி என்னைப் பார்த்தார். நாளைக்கு இன்னொரு வரிசை பாட்டில் அதே தகரத்தில் அதேபோல் வேக வேண்டும். எப்படி அடுக்கினான், எவ்வளவு நேரம் விட்டான் என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். ஆனால் விஷயத்தைச் சொன்னால் ஆயுசுக்கும் "நான் கண்டுபிடிச்சது" என்று சொல்லியே எங்கள் உயிரை எடுப்பான்.

அண்ணி வாயைத் திறந்தார். என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் அடக்கியே எழுதுங்கள். அண்ணனோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறவன் நான்.