வரி ரோஜாக் குச்சி

நான் திருடி என்று கீழ்வீட்டு புவனா அக்கா சொல்லியிருக்கிறார். அதுவும் பொங்கலுக்கு வந்த விருந்தாளி முன்னால், மாடிப்படி வரைக்கும் கேட்கிற மாதிரி. அதைக் காதில் வாங்கிக்கொண்டு மேலே வந்த என் வீட்டுக்காரர் கௌதமன், சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார். அவர் கத்தினால் நான் பயப்பட மாட்டேன். கதவைச் சாத்தினால்தான் பயம்.

“கயலு, கீழ போயி ஒரு வார்த்த சொல்லிப்போட்டு வந்தறலாம். தெரியாம எடுத்துப்போட்டோம்னு.”

“எதை எடுத்தோம்?”

ஜன்னல் வழியாக மொட்டைமாடியில் இருந்த என் ரோஜாத் தொட்டியைப் பார்த்தார்.

“மன்னிப்புக் கேட்டா இருக்கலாமாம். இல்லைன்னா மாசக் கடைசில காலி பண்ணச் சொல்றாங்க. புள்ளைக்கு மார்ச்சுல பத்தாவது பரிச்ச. யோசிச்சுப் பாரு.”

யோசிக்காமல் இருப்பேனா? கருமத்தம்பட்டியில் இந்த வீட்டைப் பிடிக்க நாங்கள் நாலு மாதம் நாயாக அலைந்தோம். போன இடத்தில் எல்லாம் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ‘வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா’ என்பார்கள். பிறகு எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், கும்பிடுகிற கோயில் எது என்று மெதுவாகச் சுற்றி வருவார்கள். கோயில் பெயரைச் சொன்னதும், ‘எங்க சொந்தத்துல ஒருத்தரு கேட்டிருக்காங்க’ என்று எழுந்துகொள்வார்கள். அத்தனை சொந்தக்காரர்களும் வீடில்லாமல் எங்கே படுத்துக் கிடந்தார்களோ, தெரியவில்லை.

புவனா அக்கா மட்டும் கோயிலைக் கேட்கவில்லை. சாவியை வாசல் திண்டின் மேல் வைத்து, “நல்லா இருங்க கண்ணு” என்றார். அன்றைக்கே அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

பிறகு பிடித்தது அவருடைய ரோஜா. வாசலில் செம்மண் பாத்தியில் நின்றது. வெள்ளை இதழில் சிவப்பு வரிகள்; ஒரு பூவில் பட்டையாக, இன்னொன்றில் நூல் நூலாக. ஒரு பூ மாதிரி இன்னொரு பூ இருக்காது. ஒரு தடவை பூத்துவிட்டு வருஷமெல்லாம் சும்மா நிற்கிற ரகமும் இல்லை. வாடிய பூவைக் கீழே நல்ல இலை பார்த்து நறுக்கிவிட்டால், கொஞ்ச நாளில் மறுபடி மொட்டு வைத்துவிடும். கிளினிக்கில் நாள் முழுக்க ஊசி போட்டுவிட்டு வருகிற எனக்கு, கேட்டைத் திறந்ததும் அந்தச் செடியைப் பார்த்தால் போதும்.

ஆடி மாதம் சாரல் அடித்துக்கொண்டிருந்தபோது ஆசை அடங்காமல் கேட்டே விட்டேன். “அக்கா, இதுல ஒரு குச்சி கெடைக்குமுங்களா?”

“ஐயோ அம்மணி, கேட்டுப்போட்டயா? கேட்டு வாங்குனா புடிக்காதே! நான் பாக்கல. நீ ஒடிச்சுட்டுப் போ கண்ணு.” சிரித்துக்கொண்டே கல்லில் துணி கும்மித் துவைப்பதற்குத் திரும்பிக்கொண்டார்.

இதில் புதிதாக ஒன்றும் இல்லை. திருடி நட்ட செடிதான் தழைக்கும் என்பது எங்கள் பக்கம் எல்லா வீட்டுப் பெண்களும் நம்புகிற விஷயம். கொடுக்க மனமிருக்கிறவர்கள் கையில் கொடுக்க மாட்டார்கள், கொஞ்ச நேரம் திரும்பிக்கொள்வார்கள். எடுக்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பேருக்கும் அது சந்தோஷம். நானும் சந்தோஷமாகத்தான் ஒரு கிளையை நறுக்கிக்கொண்டு வந்தேன்.

செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய சாணம், ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. தொட்டியில் அது பிழைத்துக்கொண்டது. மார்கழியில் வரி வரியாகப் பூத்தது.

கீழே நடந்தது வேறு. வரி ரோஜா சில சமயம் குணம் மாறும். வெறும் சிவப்பாகப் பூக்கிற கிளை ஒன்று கிளம்பும். அதற்கு வேகம் அதிகம். விட்டால் மற்ற கிளைகளை அமுக்கிவிடும். கண்டதும் அடியோடு வெட்டிவிட வேண்டும். ஐப்பசியில் அப்படி ஒரு கிளையைப் பார்த்து நான் சொல்லவும் செய்தேன்.

“நல்லாப் போற கெளையப் போயி வெட்டச் சொல்றயே கண்ணு!” என்று அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மறுநாள் அந்தக் கிளையில் திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு கட்டியிருந்தது. யார் திருஷ்டிக்கு என்று நான் கேட்கவில்லை. எருவும் தண்ணீரும் அதற்கே போனது. மெலிந்து போன வரிக் கிளைகளைச் சவலை என்று அவரே வெட்டி எறிந்தார். தை பிறந்தபோது பாத்தியில் வெறும் சிவப்பு ரோஜாதான் நின்றது.

காங்கேயத்திலிருந்து புவனா அக்காவின் நங்கையா, அதாவது அவர் வீட்டுக்காரரின் அக்கா வள்ளியாத்தாள், பொங்கலுக்கு வந்தார். வந்ததும் வாசலில் நின்று, “ஏம்புள்ள, உன்ர வரி ரோசு எங்க?” என்று கேட்டார். கேட்டுக்கொண்டே தலையைத் தூக்கியவருக்கு, மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் என் செடி தெரிந்தது. அவ்வளவுதான். செடியின் ராசியையே நான் திருடிக்கொண்டு போய்விட்டதாக ஆகிவிட்டது.

“நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன்,” என்று கௌதமனிடம் சொன்னேன். “அவங்களுக்கு வரிப் பூதானே வேணும்? அதைக் குடுத்தர்றேன்.”

என் செடியில் முற்றிய கிளையாகப் பார்த்து ஒன்றை நறுக்கி, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டேன். படியில் இறங்கும்போது கௌதமன், “நீ பேசாத, நான் பேசிக்கறேன்” என்றார். அவர் என்ன பேசுவார் என்று தெரியும். அதனால் அவரை முந்திக்கொண்டு இறங்கினேன்.

வாசலில் வள்ளியாத்தாள் பிளாஸ்டிக் நாற்காலியில் கரும்பு கடித்துக்கொண்டிருந்தார். புவனா அக்கா கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நின்றார்.

“வா கண்ணு,” என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. இந்த ஊரில் திருடியைக்கூடக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள்.

“அக்கா, ஆடி மாசம் நான் குச்சி கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க?”

“நானா? நான் துணி தொவைச்சுட்டு இருந்தேன். பாக்கவே இல்லியே அம்மணி.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்ன அதே சொல், இன்றைக்குச் சாட்சியாக வந்து நிற்கிறது.

“ஒடிச்சுட்டுப் போன்னு சொன்னீங்களே அக்கா.”

வள்ளியாத்தாள்தான் சக்கையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: “பாக்காதப்ப எடுத்தா அதுக்கு என்னம்மா பேரு?”

பின்னால் கௌதமன் தொண்டையைக் கனைத்தார். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லிவிட்டால் வீடு மிஞ்சும், மகளின் படிப்பு கெடாது. நான் மட்டும் இந்தத் தெருவில் கடைசி வரை திருடியாக நடக்க வேண்டும். அவர் ஆரம்பிப்பதற்குள் நான் துணியைப் பிரித்தேன்.

“பாத்தியில இருக்கற சிவப்பு இனி மாறாதுங்க. இது வரிக் கிளை. ஒரு தொட்டியில நட்டு நிழல்ல வெய்யுங்க, வேர் புடிச்சதும் பாத்திக்கு மாத்திக்கலாம். நானே வந்து நட்டும் தாரேன். எல்லாரும் பாக்கறப்பவே குடுக்கறேன். இந்தாங்க.”

கையை நீட்டினேன்.

அக்காவின் முகம் மலர்ந்தது. பொய் சொல்லக் கூடாது, அந்தப் பூவின் மேல் அவருக்கு உயிர். கையும் எழுந்தது. பாதி வழியில் வள்ளியாத்தாளைப் பார்த்தார். எழுந்த கை முந்தானையில் போய்த் துடைத்துக்கொண்டது.

“அந்தத் திண்டு மேல வெச்சுட்டுப் போ கண்ணு. நான் அப்பறம் எடுத்துக்கறேன்.”

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் இந்த ஒன்றரை வருஷமும் கண்முன்னால் வந்து நின்றது. வாடகை போனில் போய்விடும். பலகாரத் தட்டைப் படியில் வைத்துவிட்டுத்தான் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். கறிவேப்பிலை கேட்டால் பையைக் கேட்டில் மாட்டிவைப்பார். நல்ல மனுஷி, கூச்ச சுபாவம் என்று நானே பார்க்கிறவர்களிடம் எல்லாம் பெருமையடித்திருக்கிறேன். ஆடி மாதம் அவர் செடி தழைக்கத் திரும்பினாரா, என் கை படாமலிருக்கத் திரும்பினாரா என்று இனி யார் வந்து சொன்னாலும் நான் நம்பப் போவதில்லை.

“கையில வாங்கிக்குங்க அக்கா.”

அடுத்த சந்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் கையை மடக்கவில்லை. ஈரத்துணியிலிருந்து தண்ணீர் என் முழங்கை வழியாக இறங்கிக் கோலத்தில் சொட்டியது. அக்கா குச்சியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

“வெக்கச் சொன்னா வெச்சுட்டுப் போக வேண்டியதுதான?” என்றார் வள்ளியாத்தாள்.

கௌதமன் என்னைத் தாண்டி முன்னால் வந்தார். சொல்லப்போகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

“மாசக் கடைசில காலி பண்ணிக்கறமுங்க,” என்றார். பிறகு என் தோளைத் தொட்டார். “வா கயலு. வேற ஊடு பாத்துக்கலாம்.”

புவனா அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாங்கள் நிற்கவில்லை.

படியேறும்போது எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இனி மறுபடியும் ஒவ்வொரு கேட்டாகப் போய் நிற்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், கோயில் பெயரைச் சொல்ல வேண்டும். பரீட்சை நேரத்தில் மகளிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. கௌதமன் ஒரு காலித் தொட்டியை எடுத்து வந்து மண்ணைக் கொட்டினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு குச்சியை அதில் நட்டேன். போகிற வீட்டுக்கு இரண்டு செடியாகப் போகட்டும்.