திரும்பிப் போகாத ராத்கா

நான் எழுதிய நாவலில் ராத்கா கணவனை விட்டு ரயிலேறிப் போய்விடுவாள். படத்தில் இரண்டாவது நிலையத்திலேயே இறங்கித் திரும்பி வந்துவிடுகிறாள். மழையில் அவன் வெள்ளை லைலாக் பூங்கொத்தோடு நிற்கிறான். ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள்.

"ஜனங்க அழுதுட்டு, அப்புறம் சிரிச்சுட்டு வீட்டுக்குப் போகணும், ஸ்லதீனா. நீங்க அழ மட்டும்தான் வெச்சிருக்கீங்க" என்றார் இயக்குநர் ஒக்னியான். முடிவை மாற்றும் உரிமை ஒப்பந்தத்தில் அவருக்கு இருந்தது. பதினேழு பக்க ஒப்பந்தம். நான் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மட்டும் போட்டவள். என் ஐம்பதாவது வயதில், என் நாவலைப் படமாக்க ஒருவர் தலைநகர் சோபியாவிலிருந்து வீடு தேடி வந்திருந்தார். எதை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பேன்.

ராத்கா என் தங்கை வெஸ்காதான். பெயரைத் தவிர எதையும் நான் மாற்றவில்லை. கணவன் ப்ளாமெனை விட்டுவிட்டு ரயிலேறி வந்து நாலு வருஷமாக என்னோடு இருந்தாள். எங்கள் லோம் சின்ன ஊர். நாவல் வந்தபோது யாரும் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் யாரும் படிக்கவில்லை. படத்தை ஈஸ்டருக்குத் தொலைக்காட்சியில் போட்டார்கள். ஊரே பார்த்தது.

மறுநாள் ரொட்டிக்கடை ஸ்தாங்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, கதையில வர்றவளே திரும்பிப் போயிட்டா. உன் தங்கச்சிக்கு மட்டும் என்ன வீம்பு?"

"கதையில அவ திரும்பிப் போகலை. நான்தானே எழுதினேன்."

"நான் கண்ணால பாத்தேனே!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ப்ளாமென் எங்கள் வீட்டு மாடிக்குக் கீழே வந்து நின்றான். கையில் வெள்ளை லைலாக். படத்தின் வசனத்தையே ஒப்பித்தான்: "நீ இல்லாம வீடு வீடா இல்லை, வா." எதிர் பால்கனிகளில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெஸ்கா திரைச்சீலையை இழுத்துவிட்டு, குளியலறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதன்பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. லைலாக் பருவம் முடிந்ததும் ரோஜா கொண்டுவந்தான்.

ஒக்னியானுக்குப் போன் செய்து நடப்பதைச் சொன்னேன்.

"பாத்தீங்களா, படம் எப்படிப் பிடிச்சுக்கிச்சுன்னு! நானே கூப்பிட இருந்தேன். எட்டுப் பகுதி சீரியல் எடுக்கிறோம். ராத்காவோட குடும்ப வாழ்க்கை."

உண்மையான முடிவைச் சொல்லி இன்னொரு புத்தகம் எழுதலாமா என்று வழக்கறிஞரிடம் கேட்டேன். அவர் ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தைத் திறந்து ஒரு பத்தியில் விரலை வைத்தார். ராத்கா அவர்களுடையவள். அவளை வைத்து இனி நான் ஒரு வரி எழுத முடியாது.

வீட்டுக்கு வந்து வெஸ்காவிடம் சொல்லி அழுதேன். அவள் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்: "உன்னைக் கேக்காம மாத்திட்டாங்கன்னு அழறே. நீ என்னைக் கேட்டியா, அக்கா?"



செப்டம்பரில் சீரியல் படப்பிடிப்பின் தொடக்கவிழாவை எங்கள் ஊர்க் கலைமன்றத்திலேயே வைத்தார்கள். மேடையில் நகரத்தலைவர், ஒக்னியான், நான். முதல் வரிசையில் பூங்கொத்தோடு ப்ளாமென். வரமாட்டேன் என்று சொல்லியிருந்த வெஸ்கா, நகரத்தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளே வந்தாள். நேராக மேடையேறி அவர் முன்னாலிருந்த மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நான்தான் ராத்கா. நான் திரும்பிப் போகலை. என் இடது காது கேக்காது. எங்க விழுந்தேன்னு டாக்டர் கேட்டாரு, படிக்கட்டுலன்னு சொன்னேன். படிக்கட்டு இல்லை. அதோ, பூ வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கானே, அவன்."

கூடத்தில் ஸ்தாங்கா தலையைக் குனிந்துகொண்டாள். ப்ளாமென் எழுந்து யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினான். நான் வெஸ்காவிடம் போக எழுந்தேன். ஒக்னியான் என் கையைப் பிடித்துக் காதருகே குனிந்தார்.

"அபாரம்! நாலாவது பகுதியில இதை வெச்சுடலாம்."

"கூடாது. நான் விடமாட்டேன்."

"நான் கேக்கலை ஸ்லதீனா, தகவல் சொல்றேன்" என்று அன்பாகச் சிரித்தார்.

ப்ளாமென் அதற்குப் பிறகு வரவில்லை. வெஸ்கா அந்த வாரமே ரூசே நகரத்துக்குப் பேருந்தேறினாள். நாலாவது பகுதியில் ராத்கா மேடையேறினாள். அதே வார்த்தைகள், அதே காது. பேசி முடித்துவிட்டு, கீழே இறங்கி வந்து கணவனை மன்னித்தாள்.

"அவ மன்னிச்சது பொய்னு எனக்குத் தெரியும்மா" என்று மறுநாள் ஸ்தாங்கா ரொட்டியைச் சுற்றிக் கொடுத்தாள்.

வெஸ்கா வாரம் ஒருமுறை போன் செய்கிறாள். ஒரு துணிக்கடையில் வேலையாம். வாடகை அறை நன்றாக இருக்கிறதாம். எந்தத் தெரு என்று கேட்டேன்.

"அது உனக்கு எதுக்குக்கா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. நான் மறுபடி கேட்கவில்லை.